நானூறு வருமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வங்கியில் வேலை. லீவு கிடைத்தால் ஊசுட்டேரிக்குப் பறவை பிடிக்கப் போய்விடுவான். கேமராவால் பிடிக்கத்தான். மழை நின்று ஏரி நிறைந்து, வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும் நேரம் இது. இவன் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னப்பா, ஏரிக்குப் போகலையா?"

"இல்ல மாமா. நிக்கான் டி500 ஒண்ணு செகண்ட் ஹாண்ட்ல வந்துச்சு. நல்ல கண்டிஷன். ஆனா அதுக்குப் பதிலா மிரர்லெஸ்ல புது மாடல் வருதாம். ரெண்டு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க மாமா."

"சரி, கையில ஒரு கேமரா இருக்கே. அதை எடுத்துக்கிட்டுப் போறதுதானே?"

"அது பழசு மாமா. புதுசு வந்தப்புறம் ஒழுங்கா எடுத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்த 'வருதாம்' என்ற சொல்லின் மேல். அந்தச் சொல் என் நண்பர் ஒருவரின் ஆறரை வருஷத்தைத் தின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பார்த்தது மட்டுமில்லை, அதற்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தவனும் நான்தான். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கேமராவில் விருப்பமில்லாத நண்பர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். கேமரா ஒரு சாக்குதான்.

நண்பர் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர். 2009இல் ரிட்டயர் ஆனார். கிராஜுவிட்டி பணம் வந்ததும் மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஒரு தொகையைத் தனியாக பிக்சட் டெபாசிட்டில் போட்டார். "இது என் ஆசைக்கு" என்றார். ஆசை என்னவென்றால், புதுச்சேரியின் பழைய கட்டடங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படம் எடுப்பது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் கட்டியவை, மேற்கே நம்மவர்கள் திண்ணையும் தாழ்வாரமும் வைத்துக் கட்டியவை, இரண்டையும். குமாஸ்தா புத்தி போகுமா? ஒரு நீள நோட்டில் வீதி வாரியாகப் பட்டியல் போட்டார். வரிசை எண், வீதி, கட்டடம், வெளிச்சம் நன்றாக விழும் நேரம், எடுத்த தேதி, குறிப்பு என்று ஆறு கட்டம். மொத்தம் 112 கட்டடங்கள்.

வரிசை எண் 1, கடற்கரைச் சாலையில் இருந்த மேரி. பழைய நகராட்சிக் கட்டடம். 'ஓத்தெல் தெ வீல்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய அப்பா அம்மா கலியாணம் பதிவானது அங்கே. அவர் பிறந்ததை எழுதியதும் அந்தக் கட்டடத்து எத்தா சிவில் பதிவேட்டில்தான். அதை முதலில் எடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

கேமராவும் முடிவாகியிருந்தது. நிக்கான் டி300. 2007 ஆகஸ்டில் அறிவித்த மாடல். அதையே கொஞ்சம் திருத்தி, ஒன்றுக்கு இரண்டு மெமரி கார்டு போடும்படியும் வீடியோ எடுக்கும்படியும் 2009 ஜூலையில் டி300எஸ் என்று கொண்டுவந்தார்கள். 12.3 மெகாபிக்சல். குவியம் பிடிக்க 51 புள்ளிகள். இரும்பு மாதிரி உடம்பு. நண்பர் கடைக்குப் போய்க் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் வாங்குவதாக ஏற்பாடு.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அவசரப்படாதீங்க. டி300 வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இது அதே சரக்குக்கு மேல் பூச்சு. அடுத்தது டி400 வருமாம்."

எங்கே படித்தேன் என்று இன்று நினைவில்லை. பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் இருப்பதைப் படித்துச் சொல்ல அவருக்கு ஆள் நான்தான். அந்த ஒரு 'வருமாம்' அவர் காலைக் கட்டிப் போட்டுவிட்டது.

2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபோட்டோகினா கண்காட்சி. அப்போதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடந்த பெரிய திருவிழா. அதில் டி400 வருமாம் என்றார்கள். வந்தது டி7000. அது 16 மெகாபிக்சல் என்றாலும் ஒரு படி கீழே இருப்பவர்களுக்கு. "இது கீழ் வரிசை, நம்முடையது தனியாக வரும்" என்றார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும். செண்டாயில் இருந்த நிக்கான் ஆலை நின்றது. "அதனால்தான் தாமதம்" என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயாவில் இருந்த ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. "டி400 தண்ணீரில் போய்விட்டது, திரும்பச் செய்கிறார்கள்" என்றார்கள். 2012இல் டி800 வந்தது, டி600 வந்தது. அவை பெரிய சென்சார் உள்ளவை. "பெரியதை முடித்துவிட்டார்கள், இனிமேல் நம் முறை" என்றார்கள். 2013இல் டி7100. "இதுதான் அதுவோ?" என்று ஒரு கட்சி. "தொடர்ந்து சுட்டால் சீக்கிரம் மூச்சுத் திணறுகிறது, இது அது இல்லை" என்று ஒரு கட்சி. 2014 செப்டம்பரில் கேனான், தன் பழைய 7டிக்கு மார்க் 2 கொண்டுவந்தது. "எதிரி வந்துவிட்டான், இனி நிக்கான் சும்மா இருக்காது" என்றார்கள்.

கவனித்தீர்களா? பூகம்பம் வந்தாலும் அது டி400க்குச் சாட்சி. வெள்ளம் வந்தாலும் சாட்சி. வேறு கேமரா வந்தாலும் சாட்சி, எதுவும் வராமல் போனாலும் சாட்சி. கடையில் சரக்கு இல்லையென்றால் "உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்". சரக்கு நிறைய இருந்து விலையைக் குறைத்தால் "தள்ளிவிடுகிறார்கள்". கிளி எந்தச் சீட்டை எடுத்தாலும் ஜோசியருக்கு நல்ல காலம்தான். தினமும் "இன்று மழை வரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவன் ஐப்பசி வந்ததும் ஜெயித்துவிடுவான். "நான் அப்பவே சொன்னேனே" என்பான். நனைந்த துணியை அவனா காயவைக்கப் போகிறான்?

ஜப்பானியருக்கு நான்கு என்ற எண் ஆகாது, அவர்கள் மொழியில் அதன் ஓசை சாவைக் குறிக்கும், அதனால்தான் நானூறு என்று பெயர் வைக்கத் தயங்குகிறார்கள் என்றுகூட ஒரு விளக்கம் வந்தது. அதையும் நான் நண்பரிடம் சுடச்சுடக் கொண்டுபோய்ச் சொன்னேன். நிக்கான் 1988இல் எஃப்4 என்று விற்றவர்கள், 2006இல் டி40 என்று விற்றவர்கள், 2012இல் டி4 என்றே விற்றவர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். வதந்திக்கு அப்படி ஒரு ருசி.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு பிரெஞ்சு இலக்கணம் நடத்திய மாஸ்டர் 'கொந்திசியொனேல்' என்ற வினை வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தார். உறுதி செய்யாத செய்தியை பிரெஞ்சு பத்திரிகைக்காரன் அந்த வடிவத்தில்தான் எழுதுவான். "மந்திரி ராஜினாமா செய்திருப்பாராம்" என்கிற மாதிரி. செய்தியும் சொல்லியாயிற்று, பொறுப்பும் இல்லை. "இந்த வடிவத்தைக் கண்டால் பையில் இருக்கும் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார் மாஸ்டர். வகுப்பு சிரிக்கும். நம் தமிழில் அதற்குத் தனி வடிவமே வேண்டாம், ஒரு 'ஆம்' போதும். வருகிறது என்றால் சொல்பவன் பொறுப்பு. வருகிறதாம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்பில் "பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு 'ஆம்' போட்டு நான் எழுதிய குறிப்பு ஒன்றைக்கூட எந்த அதிகாரியும் ஏற்றிருக்க மாட்டார். ரிட்டயர் ஆனதும் அந்த ஒழுக்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

கேமரா கம்பெனியை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர்கள் டி400 என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். 1983இல் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனி, அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசி, கையிலிருந்த சரக்கு விற்காமல் நொடித்துப்போனது என்று வியாபாரக்காரர்கள் கதை சொல்வார்கள். அது மட்டுமே காரணம் இல்லை என்பவர்களும் உண்டு. எப்படியோ, கம்பெனிகள் பெரும்பாலும் அடுத்ததைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. அந்த மௌனத்தில்தான் ஊகக்காரர்களின் பிழைப்பு நடக்கிறது. அவர்கள் எழுதுவதை நாம் திறக்கத் திறக்க விளம்பரக் காசு. பொருள் வந்தபின் அவர்கள் காட்டும் கடையில் வாங்கினால் கமிஷன். அவர்கள் தொழில் அது, செய்துவிட்டுப் போகட்டும். காசு வாங்காமல் அவர்களுக்கு ஏஜெண்டாக இருந்தோமே என்னைப் போன்றவர்கள், எங்களைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அந்தப் பழைய டி300இன் படம் 4288க்கு 2848 புள்ளிகள். பத்திரிகையில் அச்சடிக்கும் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பார்த்தால், 14 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்கு மேல் அகலமும் உள்ள படம் வரும். நம்மில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிய படம் மாட்டியிருக்கிறோம்? பேரப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதியை அது கழித்துக்கட்டிவிடும். கட்டடம் ஓடாது, பறக்காது. நிழற்படத்துக்கு அதைவிடப் பொறுமையான ஆள் கிடையாது. டி300 வேண்டாம், அன்று நண்பர் வீட்டு அலமாரியில் கிடந்த சின்ன கேமராவே அந்த 112 கட்டடங்களுக்குப் போதும்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அதற்கு அடுத்த மாடல் எது என்று யாரும் கேட்டதில்லை. ரோல் தீர்ந்ததா, கழுவக் கொடுத்தோமா, அவ்வளவுதான் கவலை. இதே நிக்கான் 1980இல் கொண்டுவந்த எஃப்3ஐ, அதற்குப் பின்னால் எஃப்4, எஃப்5 எல்லாம் வந்த பிறகும், 2001 வரை செய்துகொண்டிருந்தது. புதிது வந்ததால் பழையது படம் எடுக்க மறக்கவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பறவை எடுப்பவர்களுக்கும் மிருகம் எடுப்பவர்களுக்கும் டி300எஸ்ஸில் உண்மையான குறை இருந்தது. இருட்டத் தொடங்கினால் படம் பொரிபொரியாகிவிடும். அதன் சாதாரண ஐஎஸ்ஓ எல்லை 3200. சின்ன சென்சாரில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450 மாதிரி இழுத்துக் காட்டும் வசதி அவர்களுக்கு வேண்டும், ஆகையால் பெரிய சென்சாருக்கும் போக மனசில்லை. அவர்கள் எதிர்பார்த்ததில் தவறில்லை. அதேபோல், நாளைக்கு விலை குறையப் போவதை இன்று முழு விலைக்கு வாங்குவது கெட்டிக்காரத்தனம் இல்லை என்பதும் சரிதான். ஆனால் அவர்களில் உருப்படியான ஆட்கள் என்ன செய்தார்கள்? பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிவதற்கு முன் ஏரிக்கரையில் நின்றார்கள். எதிர்பார்ப்பது வேறு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மாலை கடற்கரையில் நடந்துகொண்டே, அந்த மேரி கட்டடத்தைத் தாண்டித்தான் போவோம், டி400இல் எத்தனை மெகாபிக்சல் இருக்கும் என்று பேசிக்கொண்டே போவோம். ஒரு நாளாவது நின்று அதன் தூண்களையும் வளைவுகளையும் நிமிர்ந்து பார்த்தோமா? இல்லை. எல்லாம் நானூறு வந்த பிறகு.

2014 நவம்பர் 29, சனிக்கிழமை. நல்ல மழை. மேரி இடிந்து விழுந்தது.

19ஆம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம். எத்தனையோ புயலைப் பார்த்தது. அது நலிந்துகொண்டு வந்தது ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். நண்பருக்குப் போன் செய்தேன். "கேள்விப்பட்டேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு மேடு. எதிரே கடல் எப்போதும் போல இருந்தது. நண்பர் வெகுநேரம் நின்றுவிட்டு, "நோட்டில் முதல் வரி" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் ஆல்பங்களைத் தேடினார். மேரி இருக்கிற படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. கலியாணமான புதிதில் கிளிக் 3இல் எடுத்தது. அவர் மனைவி கடற்கரைச் சாலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் கட்டடத்தில் பாதி, அதுவும் சாய்ந்து. ஐந்து வருஷத்துக்கு மேல் திட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, கட்டம் போட்டு எழுதியும் கிடைக்காதது, ஒரு திட்டமும் இல்லாமல் எடுத்த ஒரு படத்தின் மூலையில் இருந்தது.

2016 ஜனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில், அந்தக் கேமரா கடைசியில் வந்தேவிட்டது. பெயர் டி400 இல்லை, டி500. நானூறு என்ற கேமரா பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு நாங்கள் ஆறரை வருஷம் தொட்டில் ஆட்டியிருக்கிறோம். 20.9 மெகாபிக்சல், 153 குவியப் புள்ளிகள், வினாடிக்குப் பத்து படம். அருமையான கேமரா, சந்தேகமில்லை. நண்பர் வாங்கினார். லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம். 2009இல் அவர் கையில் நடுக்கம் இல்லை. 2016இல் இருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தோம். 112இல் சிலவற்றை இடித்து அடுக்குமாடி எழுப்பியிருந்தார்கள். சிலவற்றில் திண்ணையை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டிருந்தார்கள். குறிப்புக் கட்டத்தில் 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். நாற்பது சொச்சம் படம் எடுத்தார். அவை நன்றாகவே இருக்கின்றன.

இடிந்த இடத்தில் மேரியைப் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது நண்பரின் அப்பா அம்மா ஏறிய படி இல்லை. டி500க்குத்தான் அடுத்த மாடல் வரும். இடிந்துபோன வீட்டுக்கு அடுத்த மாடல் கிடையாது.

அந்த டி500ஐயும் 2022இல் கம்பெனி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உடனே அதே பல்லவி. அதன் இடத்துக்கு மிரர்லெஸ் வருமாம், இந்த வருஷக் கடைசியில் வருமாம், அடுத்த வருஷம் வருமாம். வருஷம்தான் போகிறது. என் தங்கை மகன் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கிறான்.

அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "மாமா, அது கட்டடம். பறவை வருஷா வருஷம் வருமே" என்றான். "பறவை வரும்ப்பா. ஏரி இருக்கணும், நீ இருக்கணும், உன் முழங்கால் இருக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஏரிக்குப் போனானா என்று தெரியவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.

நண்பர்களே, நம் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது மாடல் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் அது வரும் வரை என்று எதையும் ஒத்திவைக்காதீர்கள். பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தால் ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள். ஆபீசில் நிலுவைக் கோப்புக்கு நினைவூட்டுத் தேதி போடுவோமே, அது மாதிரி. அந்தத் தேதியில் வரவில்லையென்றால் கடையில் இருப்பதை வாங்கிக்கொண்டு கோப்பை மூடுங்கள். அதுவரை கையில் இருப்பதால் எடுங்கள். பிள்ளை வாங்கிக்கொடுத்த செல்போன் இருக்கிறதே, அது போதும். யாராவது "வருமாம்" என்று வந்து நின்றால், என் மாஸ்டர் சொன்னது போலப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவன் என்னைப் போல ஒரு நல்ல நண்பனாக இருந்தால்.

உங்கள் வீதியில் இன்னும் திண்ணை வைத்த வீடு ஒன்றாவது இருக்கும். நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் போய் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவரையும் சேர்த்து எடுங்கள். பின்னால் தேதியும் வீதியும் எழுதி வையுங்கள். நண்பரின் நோட்டில் இன்னும் முப்பது வரி காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை முதல் நானும் அவரோடு போகிறேன். டி500ஐ நான் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.